பாறையின் மறுமொழி

நுழையும்முன்

தேங்காய் வாங்குபவர் அதனைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்க்கிறார். மண்பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்க்கிறார். உடைக்காமலே உள்ளிருப்பதை ஒலியால் அறியும் முறை இது. இதே முறையைப் பேரளவில் நிலத்திலும் கடலிலும் கையாண்டு, அறிவியலாளர் பூமிக்கடியில் உள்ள எண்ணெயையும் எரிவாயுவையும் தேடுகின்றனர். அம்முறை எவ்வாறு செயல்படுகிறது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பெயர் சொல்லும் செய்தி

எள் + நெய் என்பதே எண்ணெய் என்றாயிற்று. முதலில் எள்ளிலிருந்து எடுக்கப்பட்ட நெய்யை மட்டுமே குறித்த இச்சொல், காலப்போக்கில் தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் என எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகியது. மண்ணுக்கடியிலிருந்து கிடைத்ததன் வழியாக வந்தது 'மண்ணெண்ணெய்' எனப்பட்டது. 'பெட்ரோலியம்' என்னும் சொல்லும் இதே கருத்தை உடையது. அது பாறையைக் குறிக்கும் சொல்லும் எண்ணெயைக் குறிக்கும் சொல்லும் இணைந்து உருவானது. பாறையிலிருந்து கிடைக்கும் எண்ணெய் என்பது அதன் பொருள்.

ஆயின், எந்தப் பாறையில் எண்ணெய் இருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? முற்காலத்தில், நிலத்தின் மேற்பரப்பில் எண்ணெய் தானாகக் கசிந்த இடங்களிலேயே மக்கள் கிணறு தோண்டினர். அசாம் மாநிலத்தின் டிக்பாயில் 1889-ஆம் ஆண்டில் எண்ணெய் கண்டறியப்பட்டதும் இத்தகைய கசிவுகள் நிறைந்த பகுதியில்தான். மேலே கசியாமல் ஆழத்தில் மறைந்திருக்கும் எண்ணெயைக் கண்டறிய வேறொரு வழி தேவைப்பட்டது.

எண்ணெய் ஏரி உண்டா?

பூமிக்கடியில் பெரிய குகைகள் உள்ளன. அவற்றில் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். எண்ணெய் பாறைக்குள்ளேயே இருக்கிறது. பஞ்சில் நீர் நிறைந்திருப்பதுபோல, மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் மிக நுண்ணிய துளைகளில் அது நிறைந்திருக்கிறது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் இறந்து சேற்றில் புதைந்தன. அவற்றின்மேல் மண் அடுக்கடுக்காகப் படிந்தது. அழுத்தமும் வெப்பமும் மிகுந்தபோது அவ்வுயிர்களின் எச்சங்கள் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறின. இவை நீரைவிட எடை குறைந்தவை. எனவே, நீர் நிறைந்த பாறைத் துளைகளின் வழியே இவை மெல்ல மேல்நோக்கி ஏறின. வழியில் துளைகளற்ற களிப்பாறை குறுக்கிட்டால் அங்கே தடைப்பட்டன. தடை இல்லாத இடங்களில் மேற்பரப்பை அடைந்து வீணாயின.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வாளி நீருக்குள் கண்ணாடிக் குவளை ஒன்றைக் கவிழ்த்துப் பிடிக்கவேண்டும். குவளைக்குள் இருக்கும் காற்று மேலேற முடியாமல் அங்கேயே நிற்கும். பூமிக்கடியில் பாறை அடுக்குகள் கவிழ்த்த கிண்ணம்போல மேல்நோக்கி வளைந்திருக்கும் இடங்களிலும் எண்ணெயும் எரிவாயுவும் இவ்வாறே சிறைப்படுகின்றன. எண்ணெய் தேடுவோர் முதலில் தேடுவது இக்கவிழ்த்த கிண்ணத்தைத்தான்.

ஒலியை அனுப்புதல்

பூமிக்குள் ஒளி ஊடுருவாது, ஒலி ஊடுருவும். நிலத்தில் ஓர் அதிர்வை உண்டாக்கினால் அது அலையாகப் பரவிக் கீழே செல்லும். ஒருவகைப் பாறை முடிந்து மற்றொருவகைப் பாறை தொடங்கும் எல்லையில், அலையின் ஒரு பகுதி எதிரொலித்து மேலே திரும்பும்; எஞ்சிய பகுதி மேலும் ஆழத்துக்குச் செல்லும். இவ்வாறு ஒவ்வோர் எல்லையிலிருந்தும் ஒவ்வோர் எதிரொலி வந்து சேரும். இவ்வாய்வு 'நில அதிர்வு ஆய்வு' எனப்படுகிறது.

நிலப்பகுதியில் சிறு துளைகளில் வெடிமருந்து வைத்தோ, கனமான தகட்டை நிலத்தில் ஊன்றி அதிரச்செய்யும் சரக்குந்துகளைக் கொண்டோ அலைகளை உண்டாக்குகின்றனர். திரும்பிவரும் அலைகளை, நிலத்தில் வரிசையாக ஊன்றப்பட்ட 'ஜியோபோன்' என்னும் கருவிகள் பதிவு செய்கின்றன. கடலில் ஆய்வுக் கப்பல், மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்றை நீருக்குள் திடீரென வெளியேற்றுகிறது. அதனால் எழும் ஒலி கடலடியைத் துளைத்துச் செல்கிறது. கப்பலின் பின்னே பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுக்கப்படும் வடங்களில் 'ஹைட்ரோபோன்' என்னும் நீரொலிவாங்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை எதிரொலிகளைக் கேட்கின்றன.

இம்முறையின் வேர் போர்க்களத்தில் உள்ளது. முதல் உலகப்போரின்போது, மறைந்திருக்கும் எதிரியின் பீரங்கி எங்கே உள்ளது என்பதை அதன் ஒலி வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டனர். அத்தகைய ஆய்வில் ஈடுபட்ட அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கிளாரன்ஸ் கார்ச்சர், பாறை அடுக்குகளையும் ஒலியால் அறியலாம் எனக் கருதினார். 1921-ஆம் ஆண்டில் ஓக்லஹோமா மாநிலத்தில் அவரும் அவருடைய குழுவினரும் எதிரொலிகளைப் பதிவு செய்து, பாறை அடுக்கின் ஆழத்தை அளந்து காட்டினர். அழிவுக்காகக் கேட்கப்பட்ட ஒலி, ஆய்வுக்காகக் கேட்கப்படலாயிற்று.

நேரத்திலிருந்து ஆழம்

எதிரொலி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கருவி அளக்கிறது. அதிலிருந்து ஆழத்தைக் கணக்கிட வேண்டும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரும், நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டரும் செல்லும். பாறைகளில் அதன் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 2,000 முதல் 6,000 மீட்டர் வரை இருக்கும்.

ஓர் எதிரொலி 2 நொடியில் திரும்பியதாகக் கொள்வோம். பாறையில் ஒலியின் வேகம் நொடிக்கு 3,000 மீட்டர் எனில், அலை சென்று திரும்பிய மொத்தத் தொலைவு 6,000 மீட்டர். அதில் பாதியே ஆழம். அதாவது 3,000 மீட்டர். ஆனால், அப்பாறையில் ஒலியின் உண்மையான வேகம் 2,700 மீட்டராக இருந்தால் ஆழமும் 2,700 மீட்டராகிவிடும். வேகத்தைச் சிறிது தவறாகக் கணித்தாலும் ஆழம் 300 மீட்டர் மாறிவிடுகிறது. ஆகவே, ஓர் எதிரொலியை மட்டும் நம்பாமல், பல இடங்களிலிருந்து அனுப்பிய எண்ணற்ற அலைகளின் எதிரொலிகளை ஒன்றுசேர்த்துக் கணினியால் ஆராய்கின்றனர். வேண்டாத இரைச்சல் நீக்கப்பட்டு, எதிரொலிகள் உரிய இடங்களில் பொருத்தப்படுகின்றன. அதன் முடிவில், பூமியை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தாற்போன்ற ஒரு படம் உருவாகிறது.

மும்பைக் கடலில் ஒரு வளைவு

விடுதலை பெற்ற இந்தியா தனக்குத் தேவையான எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே வாங்கியது. நாட்டுக்குள் எண்ணெய் தேடுவதற்காக 1956-ஆம் ஆண்டில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் அமைக்கப்பட்டது. குஜராத்தில் காம்பேயிலும், பின்னர் 1960-இல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கிடைத்தது. நிலத்தில் கிடைத்த எண்ணெய், அதனையடுத்த கடலிலும் இருக்குமோ என்னும் வினா எழுந்தது.

1960-களின் நடுவில் 'அகாதமிக் அர்க்காங்கெல்ஸ்கி' என்னும் சோவியத் ஆய்வுக் கப்பல், இந்திய, சோவியத் வல்லுநர்களுடன் மேற்குக் கடலில் நில அதிர்வு ஆய்வை மேற்கொண்டது. அவ்வாய்வில் மும்பைக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், கடலடிக்குக் கீழே பாறை அடுக்குகள் மிகப் பெரிய அளவில் மேல்நோக்கி வளைந்திருப்பது தெரியவந்தது. தேடிய கிண்ணம் கிடைத்துவிட்டது. ஆனால், அதனைத் துளையிட்டுப் பார்ப்பதற்கான கருவியோ அனுபவமோ அப்போது நாட்டில் இல்லை.

1970-இல் குஜராத்தின் பவநகரை அடுத்த அலியாபெட் என்னுமிடத்தில் கடற்பகுதியின் முதல் கிணறு தோண்டும் முயற்சி தொடங்கியது. அதன் பின்னர் மும்பைக் கடலில் விரிவான நில அதிர்வு ஆய்வு மீண்டும் நடைபெற்றது. ஜப்பானில் கட்டப்பட்ட 'சாகர் சாம்ராட்' என்னும் துளையிடும் மேடை வந்துசேர்ந்தது. இடையில், 1973-ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. எண்ணெயை வாங்கியே வாழ்ந்த நாடுகள் திணறின. அத்தகைய நெருக்கடி நேரத்தில், 1974-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஏறத்தாழ 75 மீட்டர் ஆழமுள்ள கடலில் நின்ற சாகர் சாம்ராட்டின் துளைக்கருவி எண்ணெயை எட்டியது. அவ்வெண்ணெய் கடலடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லின் துளைகளில் நிறைந்திருந்தது. 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கிருந்து எண்ணெய் எடுக்கப்படலாயிற்று. 'பம்பாய் ஹை' எனப் பெயர்பெற்று, இன்று 'மும்பை ஹை' என வழங்கும் இக்களமே இந்தியாவின் மிகப் பெரிய எண்ணெய்க் களமாயிற்று.

எதிரொலியில் வளைவு தெரிந்ததற்கும் கிணற்றில் எண்ணெய் கிடைத்ததற்கும் இடையே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கடந்தன. அப்பத்து ஆண்டுகளும் அந்தப் படம் ஒரு நம்பிக்கையாக மட்டுமே இருந்தது.

தெரிந்து தெளிவோம்

இந்திய ஒரு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் கடலில் நிற்கும் ஒரு மேடையின் படம் இடம்பெற்றுள்ளது. அது சாகர் சாம்ராட் ஆகும்.

வெறுமையான கிண்ணம்

எல்லா நம்பிக்கைகளும் நிறைவேறுவதில்லை. வட அமெரிக்காவின் அலாஸ்காவில் 1968-ஆம் ஆண்டில் புரூடோ விரிகுடாப் பகுதியில் மிகப் பெரிய எண்ணெய்க் களம் கண்டறியப்பட்டது. அதற்கு மேற்கே, பனி உறையும் பியூஃபோர்ட் கடலில் நடந்த நில அதிர்வு ஆய்வு மற்றொரு பெரிய வளைவைக் காட்டியது. அதற்கு முக்லுக் என்று பெயரிட்டனர். வடிவமும் அளவும் சிறப்பாக இருந்தன. அருகிலேயே எண்ணெய்க் களமும் இருந்தது. துளையிடும் உரிமைக்காக நிறுவனங்கள் போட்டியிட்டு நூறு கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவிட்டன. கடலில் கற்களைக் கொட்டிச் செயற்கைத் தீவு ஒன்றையே அமைத்தனர். 1983-இல் துளையிட்டபோது பாறையில் எண்ணெயின் தடம் மட்டுமே இருந்தது. துளைகளில் நிறைந்திருந்தது நீர்.

ஒரு காலத்தில் அங்கே எண்ணெய் இருந்திருக்கவேண்டும். பின்னர் அது கசிந்து வெளியேறியிருக்கவேண்டும் என்று நிலவியலாளர் கருதினர். ஆய்வுப் படம் பொய் சொல்லவில்லை. அது காட்டிய வளைவு உண்மையாகவே அங்கு இருந்தது. கலத்தின் வடிவத்தை எதிரொலி காட்டியது. கலத்துக்குள் இருந்தது என்ன என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மும்பைக் கடலில் தெரிந்ததும் ஒரு வளைவுதான். முக்லுக்கில் தெரிந்ததும் ஒரு வளைவுதான். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டியது கிணறு மட்டுமே.

தெளிவடையும் படம்

இந்த ஐயத்தை முற்றிலும் நீக்க முடியாவிடினும், குறைக்க முடிந்திருக்கிறது. தொடக்கத்தில் ஒரே நேர்கோட்டில் ஆய்வு நடத்தி, ஒரு பக்கத் தோற்றத்தை மட்டுமே பெற்றனர். 1970-களிலிருந்து நெருக்கமான பல கோடுகளில் ஆய்வு நடத்தி, நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றையும் காட்டும் முப்பரிமாணப் படங்களை உருவாக்கினர். பாறைப் பிளவுகளும் சிறு மடிப்புகளும் இவற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

எரிவாயு நிறைந்த பாறை, பெரும்பாலும் வழக்கத்தைவிட வலிமையான எதிரொலியைத் தரும். படத்தில் அது பளிச்சென்று தோன்றும். ஆனால், மிகக் குறைந்த அளவு எரிவாயு இருந்தாலும் அதே பளிச்சிடல் தோன்றக்கூடும். எனவே, இதனையும் ஓர் அடையாளமாகவே கொள்ளவேண்டும், சான்றாகக் கொள்ளலாகாது.

எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பின்னரும் இவ்வாய்வு முடிவதில்லை. சில ஆண்டுகள் இடைவெளியில் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் ஆய்ந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடுகின்றனர். எண்ணெய் வெளியேறிய துளைகளில் நீர் புகும்போது எதிரொலி மாறுகிறது. எங்கே எண்ணெய் தீர்ந்தது, எங்கே இன்னும் எஞ்சியுள்ளது என்பதை அம்மாற்றம் காட்டுகிறது. இதனால் தேவையற்ற கிணறுகள் தவிர்க்கப்படுகின்றன.

வேறொரு பயனும் பொறுப்பும்

கவிழ்த்த கிண்ணத்திலிருந்து எடுப்பதற்கு மட்டுமன்றி, அதற்குள் வைப்பதற்கும் இவ்வறிவு பயன்படுகிறது. நார்வே நாட்டை அடுத்த வடகடலில் ஸ்லைப்னர் என்னும் எரிவாயுக் களம் உள்ளது. அங்கே எரிவாயுவுடன் கலந்து வெளிவரும் கரியமில வாயுவைப் பிரித்து, 1996-ஆம் ஆண்டு முதல் கடலடிக்குக் கீழுள்ள மணற்கல்லுக்குள் செலுத்துகின்றனர். புவியை வெப்பமாக்கும் அவ்வாயு காற்றில் கலவாமல் பாறைக்குள் அடைபடுகிறது. அது கசியாமல் இருக்கிறதா என்பதை நில அதிர்வுப் படங்களே காலந்தோறும் கண்காணிக்கின்றன.

இவ்வாய்வுக்குப் பொறுப்பும் உண்டு. திமிங்கிலங்களும் ஓங்கில்களும் ஒலியாலேயே வழியறிந்து, இரை தேடி, தம் இனத்தோடு தொடர்பு கொள்கின்றன. கப்பல் எழுப்பும் பேரொலி அவற்றைத் துன்புறுத்தக்கூடும். ஆகவே, பல கடற்பகுதிகளில் ஒலியைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துகின்றனர்; அருகில் திமிங்கிலம் தென்பட்டால் ஆய்வை நிறுத்துகின்றனர். நிலத்திலும், விளைந்து நிற்கும் வயலைக் கடந்து செல்லும் ஆய்வுக் குழு உழவரின் இசைவைப் பெறவேண்டும். பூமியின் உள்ளே இருப்பதைக் கேட்பவர், அதன் மேல் வாழ்வோர் சொல்வதையும் கேட்கவேண்டும்.

பாறை வாய்திறந்து பேசுவதில்லை. கேட்ட வினாவுக்கு எதிரொலியால் மறுமொழி தருகிறது. அம்மறுமொழி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவை மட்டும் ஏற்று, எஞ்சியதை ஆய்ந்து முடிவுசெய்வதே அறிவியலாளரின் பண்பு.

சொல்லும் பொருளும்

எச்சம் – எஞ்சி நிற்பது
கலம் – பாத்திரம்
களம் – இடம். இங்கு எண்ணெய் கிடைக்கும் பகுதி
மறுமொழி – விடை
இசைவு – ஒப்புதல்
ஓங்கில் – டால்பின்
ஐயம் – சந்தேகம்
வடம் – தடித்த கயிறு. இங்கு நீண்ட கம்பிவடம்

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் இடம்
அ) குகை ஆ) பாறைத் துளைகள் இ) நிலத்தடி ஏரி ஈ) எரிமலை வாய்

2. கடலில் எதிரொலியைப் பதிவு செய்யும் கருவி
அ) ஜியோபோன் ஆ) துளைக்கருவி இ) ஹைட்ரோபோன் ஈ) சரக்குந்து

3. மும்பைக் கடலில் எண்ணெய் கண்டறியப்பட்ட ஆண்டு
அ) 1956 ஆ) 1960 இ) 1974 ஈ) 1983

ஆ) பிரித்து எழுதுக.

1. எண்ணெய் 2. எதிரொலி 3. மண்ணெண்ணெய் 4. முப்பரிமாணம்

இ) எதிர்ச்சொல் எழுதுக.

1. ஆழம் 2. நம்பிக்கை 3. உண்மை 4. தொடக்கம்

ஈ) குறுவினாக்களுக்கு விடையளி.

1. எண்ணெயும் எரிவாயுவும் பாறைகளின் வழியே மேல்நோக்கி ஏறுவது ஏன்?
2. 'கவிழ்த்த கிண்ணம்' என்று பாடம் குறிப்பிடுவது எதனை?
3. ஓர் எதிரொலி 3 நொடியில் திரும்புகிறது. பாறையில் ஒலியின் வேகம் நொடிக்கு 2,400 மீட்டர் எனில், அவ்வெல்லையின் ஆழம் எவ்வளவு?

உ) சிறுவினாக்களுக்கு விடையளி.

1. மும்பை ஹை, முக்லுக் ஆகிய இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
2. 'ஆய்வுப் படம் பொய் சொல்லவில்லை' – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஊ) சிந்தனை வினா

உன் கையில் ஓர் ஆய்வுப் படம் உள்ளது. அதில் பெரிய வளைவு ஒன்று தெரிகிறது. கிணறு தோண்ட மிகுந்த பொருள் செலவாகும். தோண்டச் சொல்வாயா? தோண்டுமுன் வேறு எவற்றை அறிய விரும்புவாய்? பத்து வரிகளில் எழுதுக.

கற்பவை கற்றபின்

1. தட்டிப் பார்த்தும் ஒலியைக் கேட்டும் பொருளின் தன்மையை அறியும் வழக்கங்களை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து வகுப்பில் பேசுக.
2. நீ வாழும் மாநிலத்தில் எண்ணெயோ எரிவாயுவோ எடுக்கப்படும் இடங்கள் இருப்பின், அவற்றை நிலப்படத்தில் குறித்துத் தமிழில் பெயரிடுக.
3. 'எண்ணெய்' என்பதுபோல், ஒரு பொருளுக்கு மட்டும் பெயராக இருந்து பின்னர்ப் பொதுப்பெயராக மாறிய வேறு சொற்களை ஆசிரியரின் உதவியுடன் கண்டறிக.